வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பக்கம்: நேரமில்லாதவர்கள் ஏஐயை வைத்து எழுதும் விதம்

பெரியப்பா காலமாகி இரண்டரைக் கிழமை ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை இரவு கொழும்பில் காலி வீதியில் பஸ்ஸுக்குள் நசுங்கிக்கொண்டு வரும்போது அண்ணா, அதாவது அவருடைய மூத்த மகன், போன் எடுத்தார். "தம்பி, முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கிறம். நீதானே எழுதுறனி, ஒரு பக்கம் எழுதித் தா. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் குடுக்கோணும்." கல்வெட்டு என்றால் எங்களுக்கு, இறந்தவர் நினைவாக அச்சடிக்கிற சின்னப் புத்தகம், நினைவு மலர். ஓம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது? ஆனால் அது மாத முடிவு. நான் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறவன். மாத முடிவில் இரவு எட்டு மணிக்கு முன் வெள்ளவத்தையில் இறங்கிய சரித்திரம் கிடையாது.

வீட்டுக்குப் போய்ச் சட்ஜிபிடி என்ற ஏஐ (செயற்கை நுண்ணறிவு) செயலியைத் திறந்து, "என் பெரியப்பாவைப் பற்றி நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தா" என்று கேட்டேன். சோறு போட்டுக்கொண்டு வருவதற்குள் ஒரு பக்கம் தயார். அன்பின் உறைவிடமாய், பண்பின் சிகரமாய், உறவுகளுக்கு ஆலமரமாய் வாழ்ந்தவராம். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. பெயரை மாற்றினால் எதிர்வீட்டு ஐயாவுக்கும் பொருந்தும். இன்னும் சாகாத எனக்கும் பொருந்தும்.

அந்த மூன்று நாளில் பட்டதையும், அதற்குப் பிறகு கந்தோர்க் கடிதம், பாடசாலைக் கடிதம் என்று பழகியதையும் சேர்த்து எழுதுகிறேன். இதுவரை ஏஐயைத் தொடாதவர்களுக்காக எழுதுவதால், தெரிந்தவர்கள் சில இடங்களைத் தாண்டிப் போகலாம்.

முதலில் ஒரு செயலி

சட்ஜிபிடி, ஜெமினி, கிளோட் மூன்றும் கைத்தொலைபேசியில் கிடைக்கின்றன. மூன்றிலும் இலவசமாகத் தொடங்கலாம், மூன்றும் தமிழ் எழுதும். எது சிறந்தது என்று ஒரு கிழமை ஆராய வேண்டாம். ஒன்றை எடுத்துப் பழகுங்கள். காசு கட்டுகிற திட்டம் இப்போதைக்குத் தேவையில்லை.

இலவசக் கணக்கில் ஒரு வரம்பு இருக்கும். நிறையக் கேட்டால் சற்று நேரம் பொறுக்கச் சொல்லும். இந்த இயந்திரங்கள் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் வாசிக்கும். தமிழுக்கு ஆங்கிலத்தைவிடக் கூடுதல் துண்டு தேவைப்படும். முன்பு இது இன்னும் மோசம். 2024 மே மாதம் சட்ஜிபிடியின் புதிய பதிப்பான ஜிபிடி-4ஓ வெளிவந்தபோது, முன்பு 116 துண்டு பிடித்த ஒரு தமிழ் மாதிரிப் பகுதி இப்போது 35 துண்டில் அடங்குகிறது என்று அதைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே காட்டியது. ஆகவே அதற்கு முன் "தமிழ் சரிவராது" என்று விட்டவர்கள் மறுபடி ஒருமுறை பார்க்கலாம்.

எங்கள் ஊரில் அடிக்கடி வருகிற ஒரு சிக்கலும் இருக்கிறது. பழைய கடிதங்கள், அச்சகக் கோப்புகள் பலவும் பாமினி எழுத்துருவில் இருக்கும். அதை வெட்டி ஏஐயில் ஒட்டினால் அதற்குத் தெரிவது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. ஒட்டமுன் யூனிகோடுக்கு, அதாவது போனும் இணையமும் பாவிக்கிற பொது எழுத்துமுறைக்கு, மாற்றுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றப் பஞ்சி என்றால் அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பினாலும் பெரும்பாலும் வாசித்துவிடும்.

சரக்கு உங்களுடையது

புதியவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். நானும் சறுக்கினேன். தலைப்பை மட்டும் கொடுத்துக் கட்டுரை கேட்கிறோம். இந்த இயந்திரம் வேலை செய்யும் விதம், கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுவது. 'பெரியப்பா', 'நினைவு மலர்' இரண்டையும் மட்டும் கொடுத்தால், உலகத்திலுள்ள எல்லாப் பெரியப்பாக்களுக்கும் பொதுவானதைத்தான் அது எழுதும். என் பெரியப்பா அதற்குள் இல்லை. அவர் என் தலைக்குள் இருக்கிறார். அங்கிருந்து வெளியே எடுத்துப் போடுவது என் வேலை.

அதற்கு நேரம் எங்கே? புதன்கிழமை காலை ரயிலில் கிடைத்தது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு இருபது நிமிடம் போதும். போனில் கூகிள் விசைப்பலகையின் மைக்கை அழுத்தி, வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டே போனேன். மொழித் தெரிவில் 'தமிழ் (இலங்கை)' என்றே ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்றவர் ஒருமாதிரிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும். ஜன்னல்பக்கம் கடற்காற்று அடித்ததில் பாதிச் சொல் பிழையாகத்தான் விழுந்தது. பேச்சுத் தமிழை அது தடுமாறித்தான் பிடிக்கிறது. "வந்தனீ" என்றால் "வந்த நீ" என்று எழுதும். திருத்த நிற்காதீர்கள். நின்றால் நினைவு அறுந்துவிடும்.

பேசும்போது புகழ்ச்சியை விட்டுவிட்டு, கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் சொல்லுங்கள். நான் சொன்னதில் சில:

புறக்கோட்டையில் கொப்பி, பென்சில் விற்கிற சின்னக் கடை. காதில் பேனை செருகியிருக்கும், ஆனால் பில் எழுதப் பேனை தேடுவார். ஜனவரியில் பாடசாலை தொடங்கும் கிழமையில் பிள்ளைகளோடு வருகிற தாய்மாருக்கு ஒரு கொப்பி கூடப் போட்டுக் கட்டுவார். கேட்டால் எண்ணிக்கை பிழைத்துவிட்டது என்பார். நான் கடைக்குப் போனால் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார். "எந்த பஸ்ஸில வந்தனீ?" என்பதுதான் முதற் கேள்வி. எந்த பஸ் என்று சொன்னாலும் அது சுற்றிக்கொண்டு வருகிற பஸ் என்பார்.

இதுதான் சரக்கு. கோட்டையில் இறங்கும்போது ஏறக்குறைய ஒன்றரைப் பக்கம் சேர்ந்திருந்தது. ஒழுங்கில்லை, முற்றுப்புள்ளி இல்லை, எழுத்துப் பிழை தாராளம். ஒழுங்குபடுத்துகிற வேலையைத்தான் இனி இயந்திரத்திடம் கொடுக்கப் போகிறோம்.

கந்தோர்க் கடிதத்துக்கும் இதே முறைதான், சரக்குத்தான் வேறு: யார் யாருக்கு எழுதுவது, என்ன நடந்தது, எந்தத் தேதி, எவ்வளவு தொகை, அவர்கள் என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள். ஆறு வரி போதும்.

எப்படிக் கேட்பது

மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைத் தட்டினேன். அப்படியே தருகிறேன், வேண்டியதை மாற்றிப் பாவியுங்கள்.

"கீழே உள்ளது என் பெரியப்பாவைப் பற்றி நான் வாயால் சொன்ன குறிப்பு. குரலைக் கேட்டு எழுதியதால் பிழைகள் உண்டு. இதை வைத்து நினைவு மலருக்கு 300 சொல்லில் ஒரு பக்கம் எழுது. எழுதுபவன் அவருடைய தம்பியின் மகன். வாசிக்கப் போகிறவர்கள் உறவினரும் கடைக்கு வந்துபோனவர்களும். குறிப்பில் இல்லாத எதையும் சேர்க்காதே. தகவல் போதாவிட்டால் எழுதமுன் என்னிடம் கேள். மேற்கோள் குறிக்குள் இருக்கும் பேச்சில் ஓர் எழுத்தையும் மாற்றாதே. சிகரம், ஆலமரம், ஒளிவிளக்கு மாதிரியான சொல் வேண்டாம். இலங்கைத் தமிழில் எழுது."

இதில் பலரும் விடுகிற வரி, "எழுதமுன் என்னிடம் கேள்" என்பது. அது உண்மையிலேயே கேட்டது. நான்கு கேள்வி. அதில் ஒன்று, கடை எந்த ஆண்டு தொடங்கியது என்று. எனக்குத் தெரியாது. அண்ணாவுக்கு வட்ஸ்அப்பில் கேட்டேன். பதில் வர அரை மணி நேரம் ஆனது. "எந்தத் தொடக்கம்? முதல் தொடக்கமா, 83க்குப் பிறகு தொடங்கினதா?"

83 ஜூலைக் கலவரத்தில் கடை எரிந்தது எனக்குத் தெரியும். எரிந்த அதே வீதியில் அவர் இரண்டு வருடம் கழித்துத் திரும்பத் தொடங்கினார் என்பது எனக்குத் தெரியாது. வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை. ஓர் இயந்திரம் அப்பாவியாகக் கேட்ட கேள்வியால் அது வெளியே வந்தது. 1985 என்று பதில் போட்டேன். பிறகு அது அந்த ஒற்றைத் தகவலை ஊதிப் பெருப்பித்து, கோரத் தாண்டவம், சாம்பலிலிருந்து எழுந்த பறவை என்று ஒரு பந்தி எழுதித் தந்தது வேறு கதை. முழுவதையும் வெட்டிவிட்டு, "1983இல் கடை எரிந்தது. 1985இல் அதே வீதியில் மறுபடி திறந்தார்" என்று இரண்டு வசனம் மட்டும் வைத்தேன். அவர் இருந்திருந்தால் அவ்வளவுதான் சொல்லியிருப்பார். அதையும் சொல்லியிருப்பாரோ தெரியாது.

வந்ததைத் திருத்துவது

முதல் பிரதி வந்தவுடன் சத்தமாக வாசியுங்கள். நாக்கு தடக்குகிற இடமெல்லாம் பிழை என்று வைத்துக்கொள்ளலாம். மாற்றாதே என்று அவ்வளவு சொல்லியும், பெரியப்பாவின் கேள்வி எனக்கு இப்படி வந்தது: "நீ எந்தப் பேருந்தில் பயணம் செய்து வந்தாய்?" மனுசன் வாழ்நாளில் அப்படி ஒரு வசனம் பேசியிருக்க மாட்டார். கையாலேயே பழையபடி மாற்றினேன். இப்படிச் சின்னத் திருத்தங்களுக்கு இயந்திரத்திடம் திரும்பப் போகாதீர்கள். ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் சொல்லாத ஐந்தையும் சேர்த்து மாற்றிவிடும்.

இலங்கைத் தமிழில் எழுது என்றால் மட்டும் போதாது. அது படித்த தமிழில் பெரும்பங்கு இந்தியாவில் எழுதியது போலிருக்கிறது. வைத்தியசாலை மருத்துவமனையாகும், பொலிஸ் காவல்துறையாகும், ரூபா ரூபாயாகும், டொக்டர் டாக்டராவார், தரம் 10 பத்தாம் வகுப்பாகும். இதெல்லாம் வாசிக்கிறவருக்குக் கண்ணில் குத்துமே தவிர ஆபத்தில்லை. ஆபத்தானது பொருளே மாறுகிற சொற்கள். மகளுக்கு அம்மை போட்டபோது லீவு கேட்டுப் பாடசாலை அதிபருக்குக் கடிதம் எழுதக் கொடுத்தேன். எங்களுக்கு அதிபர் என்றால் பாடசாலைத் தலைவர், இந்தியத் தமிழில் நாட்டுத் தலைவர் அல்லவா? "மாண்புமிகு அதிபர் அவர்களின் மேலான சமூகத்திற்கு" என்று தொடங்கி, மகளுக்கு இரண்டு கிழமை லீவுக்கு ஜனாதிபதியிடம் கருணை மனு மாதிரி ஒன்று வந்தது. மனைவி சிரித்துச் சிரித்து, அதை அப்படியே அனுப்பச் சொன்னாள்.

அதற்கு வழி, நீங்கள் அடிக்கடி மாற்றுகிற சொற்களைப் போனில் ஒரு குறிப்பாகச் சேர்த்து வைப்பது. என்னுடையதில் இப்போது முப்பது சொல் வரை இருக்கிறது. அதிபர் என்றால் பாடசாலைத் தலைவர், பிரதேச செயலாளர், கிராம உத்தியோகத்தர் என்று எழுது, வட்டாட்சியர், கிராம நிர்வாக அலுவலர் என்று எழுதாதே, இப்படி. ஒவ்வொரு முறையும் கேள்விக்கு அடியில் ஒட்டிவிடுவேன். நீங்கள் முன்பு எழுதிய நல்ல கடிதம் ஒன்றையும் சேர்த்து ஒட்டி, "இந்த நடையில்" என்று சொன்னால் இன்னும் கிட்ட வரும்.

குறளை எண்ணுங்கள்

நினைவு மலர் என்றால் குறள் ஒன்று இல்லாமல் முடியாது. வையத்துள் வாழ்வாங்கு என்று தொடங்குகிற 50ஆவது குறள் இல்லாத கல்வெட்டை நான் கண்டதே குறைவு. வேறொன்று தா என்று கேட்டேன். கொடுத்தது. எண்ணும் போட்டுத் தந்தது. படிக்க அசல் குறள் மாதிரியே இருந்தது. ஆனால் முதல் அடியில் ஐந்து சீர் இருந்தது.

குறளுக்கு முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. இதை எண்ண ஐந்து விநாடி போதும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் நம்பிவிடாமல் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 1330க்குள் அது இருக்க வேண்டும், சொன்ன எண்ணிலேயே இருக்க வேண்டும். வீட்டில் புத்தகம் இல்லாவிட்டால் வெள்ளவத்தையிலேயே கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது.

குறள் மட்டுமில்லை. தேதி, பட்டம், சட்ட இலக்கம், பாட்டு வரி எல்லாவற்றையும் இது கூச்சமில்லாமல் இட்டுக்கட்டும். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் அதற்கு இல்லை. பொருந்துகிற சொல்லை அடுக்குகிறது, அவ்வளவுதான். 2023இல் நியூயோர்க்கில் வழக்கறிஞர்கள் சட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் நீதிமன்றத்தில் சமர்ப்பித்தார்கள். அதில் ஆறு வழக்குகள் நடந்ததே இல்லை. 5,000 டொலர் தண்டம் கட்ட வேண்டி வந்தது. படித்த வழக்கறிஞர்களுக்கே அந்தக் கதி. நான் செய்வது, எழுத்து முடிந்ததும் அதில் வருகிற பெயர், எண், தேதி எல்லாவற்றிலும் பேனையால் வட்டம் போடுவது. ஒவ்வொரு வட்டமும் என் குறிப்பில் இருந்து வந்ததா என்று பார்ப்பேன். இல்லாவிட்டால் வெட்டு.

சிங்களத்தில் கடிதம் வேண்டுமென்றால்

கொழும்பில் இது அடிக்கடி வரும். தண்ணீர்க் கட்டணம், வாகனத் தரிப்பிடம், மாடிக்குடியிருப்பு முகாமைக்குழு. எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. முதலில் தமிழில் கடிதத்தை முடித்துவிட்டு, அதைச் சிங்களத்தில் மாற்றச் சொல்லுவேன். பிறகு அந்தச் சிங்களத்தை எடுத்து, புதிதாக இன்னொரு உரையாடல் திறந்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது, தமிழில் சொல்" என்று கேட்பேன். பழைய உரையாடலிலேயே கேட்டால் பயனில்லை. முன்பு நான் எழுதியதையே பார்த்துத் திருப்பி ஒப்பிக்கும். இப்படி ஒருமுறை பார்த்தபோது "தயவுசெய்து பரிசீலிக்கவும்" என்றது "உடனடியாக நடவடிக்கை எடுக்கவும்" என்று திரும்பி வந்தது. அனுப்பியிருந்தால் அந்த அதிகாரியின் முகம் எப்படிப் போயிருக்கும்! முக்கியமான கடிதம் என்றால் இதுவும் போதாது. கந்தோரில் பக்கத்து மேசை நண்பருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

எதை ஒட்டக் கூடாது

அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், வைத்திய அறிக்கை. இந்த மூன்றும் வேண்டாம். அடையாள அட்டை எண் வெறும் எண்தானே என்று நினைப்பார்கள். புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டில் எத்தனையாவது நாள். பெண்கள் என்றால் அதில் 500 கூட்டியிருக்கும். பிறந்தநாளையும் ஆணா பெண்ணா என்பதையும் அந்த எண்ணிலேயே வாசித்துவிடலாம். கடிதத்தில் அந்த இடத்தில் கோடு போட்டு வையுங்கள், அச்செடுத்த பிறகு கையால் எழுதலாம்.

கந்தோர் வாடிக்கையாளரின் விபரம் என்றால் இன்னும் கவனம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் கந்தோரிலும் ஏதாவது விதி இருக்கும், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சட்ஜிபிடியில் அமைப்புகளுக்குள் தரவுக் கட்டுப்பாடு என்ற பகுதியில், உங்கள் உரையாடலைப் பயிற்சிக்கு எடுக்க வேண்டாம் என்று அணைத்தும் விடலாம்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது என் சொந்தக் கருத்து. துக்கம் விசாரித்து அனுப்புகிற நான்கு வரி, சண்டைக்குப் பிறகு மன்னிப்புக் கேட்கிற செய்தி, இதற்கெல்லாம் இதைக் கூப்பிடாதீர்கள். நான்கு வரிக்கு நேரமில்லை என்று யாரும் நம்பப் போவதில்லை. பெரியப்பா இறந்தபோது எனக்கு வந்த நீண்ட அனுதாபச் செய்திகளில் இரண்டு ஒரே வசனத்தில் தொடங்கின. பிள்ளைகளின் கட்டுரைப் போட்டி பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

ஏஐயை வைத்து எழுதினேன் என்று அண்ணாவிடம் சொன்னேன். ஒளிக்க என்ன இருக்கிறது? "அதுக்கு அப்பாவை எப்படித் தெரியும்?" என்று கேட்டார். ரயிலில் பேசிய குறிப்பையும் அனுப்பிவிட்டேன். இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு, கொப்பி கூடப் போட்டுக் கட்டுகிற இடத்தை இன்னும் கொஞ்சம் நீட்டச் சொன்னார். அதைக் கையால்தான் எழுதினேன்.

நேரக் கணக்கு கேட்பவர்களுக்கு: ரயிலில் இருபது நிமிடம், மதியம் கேள்வியும் பதிலுமாக அரை மணி நேரம், இரவு திருத்தவும் சரிபார்க்கவும் ஒரு மணி நேரம். முழுக்க நானே எழுதியிருந்தால் இரண்டு இரவு போயிருக்கும். செவ்வாய் இரவு கிடைத்ததை அப்படியே அனுப்பியிருந்தால் ஒரு நிமிடம்.

அச்சகத்தில்

வெள்ளிக்கிழமை மதியம் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்துக்குப் போனேன். அங்கே பக்கம் கட்டுவது இன்னும் பாமினியில்தான். யூனிகோடில் கொண்டுபோனதை அவர்கள் மாற்றித்தான் போடுவார்கள், மாற்றும்போது எழுத்து உடையும். ஒ, ஓ சேர்ந்த எழுத்துகளில்தான் கூடுதலாக உடையும், ஏனென்றால் அவற்றில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வரும். கோப்பைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். தாளில் ஒரு பிரதி எடுத்துத் தரச் சொல்லி, அங்கேயே நின்று விரல் வைத்து வாசியுங்கள். எங்கள் பக்கத்தில் 'கொப்பி' வந்த எல்லா இடத்திலும் கொம்பைக் காணவில்லை. புறக்கோட்டையில் நாற்பது வருடம் கொப்பி விற்ற மனுசனைக் காப்பி விற்றவராக அடிக்க இருந்தார்கள். ஏழு இடம். ஏழையும் சிவப்புப் பேனையால் சுழித்துக் கொடுத்தேன். பேனையை அச்சகத்துத் தம்பியிடம்தான் வாங்க வேண்டி வந்தது, என்னுடையது காதில் இருந்தது பிறகுதான் தெரிந்தது.